சம்மந்தியின் மணிக்கூட்டுக்கு நான் வெட்டிய முகம்

யாரும் கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஒரு மணிக்கூட்டின் முகத்தில், ஒட்டப்படாத பிளாஸ்டிக் தாளை உரிக்கப் போய், அந்த முகத்தையே கழற்றிக் கீழே போட்டவன் நான். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. போதாக்குறைக்கு, ஜப்பானியரின் கண்ணாடி வெட்டும் கலையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை முந்திய வாரம்தான் மெற்றோவில் நின்றபடியே படித்து முடித்திருந்தேன். ஆகவே அறியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. படித்துவிட்டுச் செய்தேன்.

அந்த மணிக்கூடு எங்கள் சம்மந்தியுடையது. என் மகளைக் கட்டிய பையனின் தகப்பனார். அவரைப் பற்றி இறந்தகாலத்தில் எழுதுவதைப் பார்த்து யாரும் அனுதாபம் தெரிவிக்க வேண்டாம். அவர் இறக்கவில்லை, டொரொன்டோவுக்குக் குடிபோய்விட்டார். மொன்றியல் தமிழருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருநாள் எல்லோரும் போகவேண்டிய இடம். போனவர்கள் திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை. போன பிறகு அவர்களைப் பற்றி நல்லதை மட்டுமே பேசுவோம். நானும் நல்லதையே பேசப்போகிறேன்.

சம்மந்தி திருகோணமலைக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். வாலிபத்தில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஒருமுறை கப்பல் யோகோஹாமாவில் நின்றபோது கூட இருந்தவர்கள் எல்லோரும் றேடியோவும் கமராவும் வாங்க ஓடினார்களாம். இவர் மட்டும் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்து, தான் கட்டப்போகிற பெண்ணுக்கென்று ஒரு மேசை மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு வந்தார். கறுத்த மரத்தில் கூடு. அதற்குள் விரித்த கையளவில் வட்டமான கண்ணாடி முகம். தெளிந்த கண்ணாடியின் மேல் கருநீலக் கண்ணாடியை ஒரு தோல் போலப் போர்த்தி, அந்தத் தோலைச் சாணைச் சக்கரத்தில் கோடு கோடாக வெட்டி எடுத்திருப்பார்கள். வெட்டிய இடம் வெளிச்சம், வெட்டாத இடம் இரவு. நடுவிலிருந்து சணல் இலைகள் போல நட்சத்திரங்கள் விரிந்து போகும்; அவற்றுக்கு வெளியே மீன்சினையைப் பரப்பியது போல நுணுக்கமான கட்டங்கள். இலக்கம் ஒன்றுகூடக் கிடையாது. இலக்கம் இருக்கவேண்டிய இடங்களில் ஆழமாக ஒவ்வொரு வெட்டு. பின்னேர வெயில் ஜன்னலால் வந்து விழுந்தால் எதிர்ச் சுவர் முழுக்க நீலப் பொட்டுகள் நடுங்கும். சண்டைக்காலத்தில் வீட்டைவிட்டு ஓடியபோது சம்மந்தியம்மா அதைத் தன் கலியாணச் சேலையில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டிலிருந்து கனடா வரைக்கும் வந்து சேர்ந்தவை அந்தச் சேலையும் மணிக்கூடும் மட்டும்தான். ஷெல்லுக்கும் முகாமுக்கும் குடிவரவு அதிகாரிகளுக்கும் தப்பிய மணிக்கூடு, என் கட்டைவிரல் நகத்துக்குத் தப்பவில்லை.

சம்மந்தி பேசமாட்டார். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன்களுக்கு நடுவே நெடுங்காலம் வேலை செய்த பழக்கமோ என்னவோ, ஒரு நாளைக்கு இத்தனை சொல்தான் என்று வைத்தியர் கட்டுப்பாடு விதித்தவர் போல இருப்பார். எனக்கு அப்படி எந்த வைத்தியரும் வாய்க்கவில்லை. கலியாணப் பேச்சின்போதுகூட நான் இரண்டு சமயங்களின் ஒற்றுமையைப் பற்றி விரிவாக எடுத்துரைத்து முடிக்கும் வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, அவர் ஒரேயொரு நிபந்தனை சொன்னார்: "எங்கட வீட்டுக்குள்ள உங்கட சாமி வேண்டாம். உங்கட வீட்டுக்குள்ள எங்கட சாமி வேண்டாம். பிள்ளையள் தங்கட பாட்டைத் தாங்கள் பாக்கட்டும்." கோயிலிலும் கட்டி, சேர்ச்சிலும் கட்டி, இரண்டு விருந்தும் சாப்பிட்டோம். ஒப்பந்தம் செவ்வனே நடந்துகொண்டிருந்தது.

மகளும் மருமகனும் நகரின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில், சம்மந்தி வீட்டிலேயே இருந்தார்கள். மகள் முதற்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்ததால் நானும் மனைவியும் கறியும் பலகாரமுமாகச் சனிக்கிழமை தவறாமல் போவோம். அப்படி ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் எல்லோரும் குசினிக்குள் சமையலில் நின்றபோது, நான் வரவேற்பறையில் தனியே விடப்பட்டேன். என்னைத் தனியே விடக்கூடாது என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; அந்த வீட்டுக்கு அது இன்னும் தெரியாது. நான் இருந்த செற்றிக்கு வாங்கியபோது போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. டீவி ரிமோட் பொலித்தீன் பைக்குள் இருந்தது. குசினி வாசலால் தெரிந்த மைக்ரோவேவின் கண்ணாடியில் கடைக்காரர் ஒட்டிய தாள் ஓரம் சுருண்டு தொங்கியது. இதில் எனக்கு எந்த இளக்காரமும் இல்லை. என் வீட்டு ரிமோட்டும் பைக்குள்தான் வாழ்கிறது. புதுப் பொருளைப் புதுசாகவே வைத்திருந்து, பழசானதும் புதுசாக எறிவது எங்கள் வழக்கம். ஆனால் அன்றைக்கு மணிக்கூட்டைப் பார்த்தபோது, அதன் விளிம்பைச் சுற்றி ஒரு மங்கலான வளையம் தெரிந்தது. 'அடடா, இத்தனை வருடமாக இதையும் உரிக்காமல் வைத்திருக்கிறார்களே' என்று எனக்கு மனம் இரங்கியது. ஒரு நல்ல காரியம் செய்வோம், அவர்கள் திரும்பி வரும்போது மணிக்கூடு பளிச்சென்று இருக்கட்டும் என்று நகத்தை வைத்தேன்.

அந்த வளையம் தாள் இல்லை. வெட்டியவர் வேண்டுமென்றே மினுக்காமல் விட்ட இடம். நடுவில் இருக்கும் வெட்டுகள் இன்னும் பளிச்சென்று தெரிவதற்காக ஓரத்தை மங்கலாக விடுவது அந்தத் தொழிலில் ஓர் அழகு. நான் படித்த கட்டுரையில் அது படத்தோடு இருந்தது. கட்டுரையில் இருப்பது சம்மந்தி வீட்டிலும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நகம் ஏறாதபோது சாவியை எடுத்தேன். சாவி, முகத்தைக் கூட்டோடு பிடித்திருந்த சின்னப் பித்தளைக் கொளுக்கியை நெம்பியது. பிறகு நடந்ததை விவரிக்க அதிகம் இல்லை. கம்பளம் முடிந்து டைல்ஸ் தொடங்கும் இடத்தில் அது விழுந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் வந்து நின்றார்கள். சம்மந்தி குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, பொக்கற்றிலிருந்த லேஞ்சியை விரித்து அதில் வைத்தார். சம்மந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். என் மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். சம்மந்தி நிமிர்ந்து, "பரவாயில்லை" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வியர்க்கும். எனக்குக் கட்டுரை வரும். ஜப்பானியர் கண்ணாடியை எப்படி வெட்டுகிறார்கள், சணல் இலை வடிவம் எதற்கு நல்லது, நீலமும் சிவப்பும் ஏன் என்று அந்தத் துண்டுகளுக்கு மேலே நின்றுகொண்டு நான் விளக்கத் தொடங்கினேன். எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் கடைசியில், "கவலைப்படாதேங்கோ சம்மந்தி. இதே மாதிரி முகம் ஒண்டு நானே வெட்டித் தாறன்" என்று முடித்தேன்.

"நீங்களோ?" என்றார் சம்மந்தி.

"ஓம், நானேதான்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே மகள் தொலைபேசியில் எடுத்தாள். "அப்பா, ஒரு புது மணிக்கூடு வாங்கிக் குடுத்திட்டு விட்டிருக்கலாம். இப்ப நீங்களே வெட்டுறன் எண்டு சொல்லிப்போட்டீங்கள். மாமா ஒண்டும் கேக்க மாட்டார். ஆனா சொன்னதைச் செய்யாத ஆக்களோட பேந்து வாழ்நாள் முழுக்க 'சுகமோ'வோட நிப்பாட்டிப்போடுவார். நான் இந்த வீட்டில இருக்க வேணும். எனக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. பிளீஸ் அப்பா, ஞானஸ்நானத்துக்கு முதல் செய்து குடுங்கோ." எனக்குப் பின்னால் நின்ற மனைவி, "கொப்பருக்குச் சட்டியில கறிவேப்பிலை வெட்டிப் போடவே தெரியாது" என்று உரக்கச் சொன்னது மகளுக்கும் கேட்டிருக்கும். கொப்பர் என்றால் அவளுடைய அப்பா, நான்.

டவுன்டவுனில், ஓர் உணவகத்தின் மேல்மாடியில், ஜப்பானியக் கண்ணாடி வெட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் ஜப்பானிலிருந்து வந்த ஓர் இளம்பெண். என் மகளைவிடச் சற்று மூத்தவராக இருப்பார். நான் அவரை ஆசிரியை என்றுதான் குறிப்பிடப்போகிறேன். அவருக்கு நல்ல பிரெஞ்சு தெரியும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இத்தனை வருடத்தில் 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டையும் தாண்டி டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குள் பாலும் பாணும் வாங்கும் தூரம்தான் போயிருக்கிறது. ஆகவே எங்களுக்குப் பொதுமொழி, இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலம். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். என்னுடையதைத் திருத்தித் தருகிறேன். சம்மந்தியிடம் நான் வாங்கிக்கொண்டு போன உடைந்த துண்டுகளை அவர் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நல்ல வேலை என்றார். பிறகு, உடைத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். புதிதாக யார் வெட்டப்போகிறது என்று கேட்டார். அதுவும் நான்தான் என்றேன். ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் 'நீங்களோ' என்ற கேள்வி எனக்குக் கிடைத்தது. ஒன்று திருகோணமலைத் தமிழில், மற்றது புருவத்தால். அதே நீலத்தில் ஒரு வட்டக் கண்ணாடியைத் தோக்கியோவிலிருந்து வரவழைத்துத் தருவதாகவும், அது வந்து சேரும் வரைக்கும் நான் மலிவான தண்ணீர்க் குவளைகளை வெட்டிப் பழகவேண்டும் என்றும் சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் பச்சைக்கோட்டு மெற்றோவில் ஏறிப் போய்வரத் தொடங்கினேன்.

கண்ணாடி வெட்டுவது எப்படி என்று படித்தவர்களுக்கு நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன்: படித்ததை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். நான் எண்ணியிருந்தது, ஒரு கூரான கருவியைக் கையில் பிடித்துக் கண்ணாடியில் கீறுவது என்று. அங்கே கருவி அசையாது, கண்ணாடிதான் அசையும். வைரத்தூள் பதித்த சாணைச் சக்கரம் ஓர் இடத்தில் நின்று சுழலும். மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும். பல் வைத்தியரின் அறையில் கேட்கும் அதே சத்தம். கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துச் சக்கரத்தின் மேல் இறக்க வேண்டும். இதிலே கொடுமை என்னவென்றால், வெட்டுப்படும் பக்கம் கீழே இருக்கும். அதை வெட்டுகிறவர் நேரே பார்க்க முடியாது. மேலே இருந்து, கண்ணாடியின் ஊடாக, மறுபக்கத்தில் நடப்பதைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். ஒரு வீட்டில் நடப்பதை அடுத்த வீட்டு ஜன்னலால் பார்த்து நடத்துவது போல. எங்கள் ஆட்களுக்கு இது சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கண்ணாடியில் மூங்கில் குச்சியால் மைதொட்டு ஆசிரியை கீறித் தந்த வழிக்கோடு ஒரு திசையில் போகும். என் வெட்டு தன் சொந்தக்காரரைப் பார்க்க வேறொரு திசையில் போகும். ஆசிரியை கோபிக்க மாட்டார். குவளையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒன்கோர்" என்பார். பிரெஞ்சில் 'இன்னொருக்கா'. அந்தச் சொல்லை அவர் அவ்வளவு மரியாதையாகச் சொல்லுவார். எங்கள் வீட்டில் என் மனைவி இரண்டாம் முறை கறி போடும்போதுகூட அந்த மரியாதை எனக்குக் கிடைப்பதில்லை.

வீடு முழுக்கக் கோணல் குவளைகளாக நிறைந்தது. ஒன்றில் தண்ணீர் குடித்தால் உதட்டில் கீறும், இன்னொன்றை மேசையில் வைத்தால் ஆடும். மனைவி அவற்றை ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் சிவப்பு மையில் 'தொடாதே' என்று எழுதி வைத்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு காலையில், சக்கரத்தின் சத்தம் மாறுவதை என் காது தானாகப் பிடித்தது. வெட்டு ஆழமாகப் போகும்போது அந்தக் கீச்சுக் குரல் சற்றுத் தாழும். அன்றைக்கு ஒரு கோடு ஏறத்தாழ நேராக வந்தது. ஆசிரியை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒன்கோர்" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னார். அன்று மெற்றோவில் நான் இருக்கை இருந்தும் அதில் இருக்கவில்லை, நின்றபடியே வந்தேன்.

மகளுக்குப் பிள்ளை பிறந்தது, பேரன். ஞானஸ்நானத்துக்கு நாள் வைத்தார்கள். அந்த வாரம்தான் தோக்கியோவிலிருந்து கண்ணாடியும் வந்து சேர்ந்தது. அதை வெள்ளைத் தாளிலிருந்து பிரித்தபோது, ஏதோ ஒரு குளத்தை வட்டமாக வெட்டி எடுத்துவந்தது போல இருந்தது. ஒன்றே ஒன்று. இது பிழைத்தால் இன்னொன்று வர மாதக்கணக்காகும் என்று ஆசிரியை சொன்னார். வழிக்கோடுகள் எல்லாம் போட்டுக் கையில் தந்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே கதவு மணி அடிக்க, இப்போது வருகிறேன் என்று இறங்கிப் போனார். நான் சக்கரத்துக்கு முன்னால் இருந்தேன். எனக்குள் பயம். மகள், சம்மந்தி, கலியாணச் சேலையில் சுற்றிய மணிக்கூடு எல்லாம் நினைவுக்கு வந்தன. கண்ணை மூடி ஒரு நிமிடம் மனதுக்குள் கும்பிட்டேன். அங்கேதான் பிழை நடந்தது. ஏடு தொடக்கி எழுத்துப் பழகிய நாளிலிருந்து இன்றுவரை எந்த ஒரு முக்கியமான காரியத்தையும் பிள்ளையார் சுழி போடாமல் நான் தொடங்கியது கிடையாது. சோதனைத் தாளில் போட்டிருக்கிறேன். அகதி விண்ணப்பத்தில் போட்டிருக்கிறேன். வருமான வரிப் பத்திரத்தில் போட்டு, அது என்ன குறி என்று கேட்டு அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கண்ணைத் திறந்து, என்ன செய்கிறேன் என்று நினைப்பதற்குள், கை கண்ணாடியைச் சக்கரத்தில் இறக்கி, மேல் விளிம்புக்குக் கீழே, பன்னிரண்டு மணி வரவேண்டிய இடத்தில், அழகான ஓர் 'உ' போட்டு, அதன் வாலையும் இழுத்து முடித்திருந்தது.

ஆசிரியை வந்து பார்த்தார். கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நான் என் ராஜினாமாவை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டார்: இந்த வளைவை எப்படி வெட்டினீர்கள்? நேர்க்கோடு பழகவே வருடங்கள் போகும். சக்கரத்தில் வளைவு வெட்டுவது அதிலும் கடினம். இதில் ஓர் இடத்திலும் கை நடுங்கவில்லையே? நான் விளக்கினேன். யானைமுகக் கடவுள் ஒருவர் இருக்கிறார், அவருடைய குறி இது, நாங்கள் எதை எழுதினாலும் முதலில் இதைத்தான் எழுதுவோம் என்று. எனக்கே அப்போதுதான் உறைத்தது: என் ஆயுளில் ஒழுங்காகப் பழகிய கோடு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இடையில் விட்டவை. ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆசிரியை கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். நான் மறுபக்கத்தால் பார்த்து வெட்டியதால், முன்னால் பார்க்கும்போது சுழி இடம் வலம் மாறி நின்றது.

நீலத் தோலை அந்த இடத்தில் முழுக்கத் தேய்த்துச் சுழியை எடுத்துவிடலாம், ஒரு வெள்ளை வட்டம் விழும், அதை நிலா போல விட்டுவிடலாம் என்று ஆசிரியை ஒரு வழி சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "என்னது?" என்று மனைவி கரண்டியோடு திரும்பினார். "பிள்ளையாரைத் தேய்ச்சு அழிக்கிறதோ? பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கோ? உங்களுக்கென்ன விசரே?"

"அப்ப விடுவமே?"

"விடுறதோ? வேதக்காரற்றை வீட்டில, ஞானஸ்நானத்தண்டைக்கு, மணிக்கூட்டில பிள்ளையாரைக் கொண்டுபோய் வைக்கிறதோ? அந்த மனிசன் கலியாணத்தில ஒரே ஒரு விசயம்தானே கேட்டது!"

"அப்ப என்ன செய்யிறது?"

"அழிக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது. யோசியுங்கோ. நீங்கள்தானே படிச்சனியள்" என்றுவிட்டுக் குழம்பைத் துழாவினார்.

யோசித்தேன். புதுக் கண்ணாடிக்குக் காலம் இல்லை. சொன்னதைச் செய்யாமல் விட்டால் ஒரு குற்றம், செய்து கொடுத்தால் ஒப்பந்தத்தை மீறிய குற்றம். இரண்டில், கையில் பொருளோடு செய்யும் குற்றம் மேல் என்று முடிவுசெய்தேன். அடுத்தடுத்த நாட்களில் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பட்டறையே கதி என்று கிடந்தேன். ஆசிரியை சுழியைச் சுற்றிப் புதிதாக வழிக்கோடு போட்டார், சணல் இலைகள் எல்லாம் அதிலிருந்தே கிளைத்து இறங்குவது போல. நான் வெட்டினேன். நாலு மணிக்குரிய வெட்டு கொஞ்சம் சரிந்தது. ஏழு மணி மெலிந்தது. மீன்சினைக் கட்டங்களில் சில, மீன் எது என்றே சந்தேகம் வரும்படி அமைந்தன. கடைசியில் மரச் சக்கரத்தில் பசை தடவி மினுக்கியபோது மங்கலாக இருந்த வெட்டுகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. விளிம்பு வளையத்தை மட்டும் மினுக்காமல் விடச் சொன்னார். அதை நான் மிகுந்த பணிவோடு விட்டேன்.

ஞானஸ்நான விருந்து ரொக்ஸ்பரோ வீட்டில். உறவினர் நிறைந்திருந்தார்கள். பாதரும் வந்திருந்தார். சம்மந்தி மணிக்கூட்டின் கூட்டையும் சின்னத் திருப்புளியையும் ஏற்கெனவே மேசையில் தயாராக வைத்திருந்தார். அவர் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் கொடுத்த துணிப்பொதியைப் பிரித்து முகத்தை எடுத்தார். ஜன்னலுக்கு நேரே பிடித்தார். எதிர்ச் சுவரில் நீலப் பொட்டுகள் விழுந்தன. சம்மந்தியம்மா மெல்ல ஒரு சத்தம் போட்டார். சம்மந்தியின் கண் மேலிருந்து கீழே வந்து, மறுபடி மேலே போய், பன்னிரண்டு மணியில் நின்றது. மேசைக்கடியில் மனைவி என் காலை மிதித்தார். எனக்குக் கட்டுரை வரத் தொடங்கிவிட்டது. "சம்மந்தி, இந்தக் கலையில வந்து பாத்தீங்களெண்டால், வளைவு எண்டது..."

"சம்மந்தி, கொஞ்சம் பேசாம இருங்கோ" என்றார் அவர். மகள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது உங்கட பிள்ளையார் சுழியெல்லோ?"

"ஓம். கை தவறி..."

"ஏன் திரும்பி நிக்கிறார்?"

மறுபக்கத்தால் பார்த்து வெட்டுவதைச் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன், வாழ்க்கையில் முதல் தடவை. சம்மந்தி கண்ணாடியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, என்னோடு அவர் பேசியவற்றுள் மிக நீளமான பேச்சைப் பேசினார். "வீட்டுக்கு வாற ஆளெண்டால் எங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு வரவேணும். இவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார். அப்ப இவர் வரேல்லை, போறார். உள்ளுக்க வரக்கூடாது எண்டுதான் நான் சொன்னனான். போற ஆளை மறிக்கிறது மரியாதை இல்லை."

முதலில் சிரித்தது பாதர். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்தது. சம்மந்தி கொளுக்கிகளைப் பூட்டி, முட்களை ஏற்றி, மணிக்கூட்டைப் பழைய இடத்தில் வைத்தார். சம்மந்தியம்மா அருகே போய் விரலால் வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். "நாலு மணி கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு" என்றார். "பரவாயில்லை, அது தேத்தண்ணி நேரம். ஆர் பாக்கினம்." நான் திருப்பிக் கொடுத்திருந்த பழைய முகத்தின் துண்டுகளை அவர் அந்தக் கலியாணச் சேலையில் முடிந்து அலுமாரியில் வைத்திருப்பதாகவும், எறிய மனமில்லை என்றும் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். எனக்குச் சட்டென்று எந்தக் கட்டுரையும் வரவில்லை. விருந்தில் சம்மந்தி தன் கையாலேயே என் தட்டில் இறைச்சி போட்டார். அதன் பின்னும் போட்டார். வேண்டாம் என்றேன், மூன்றாம் முறையும் போட்டார். மகள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இறுகி நின்ற அவள் தோள் இப்போது தளர்ந்திருந்தது.

இப்போது அவர்கள் எல்லோரும், மகள் பேரன் உட்பட, டொரொன்டோவில். வீடியோ அழைப்பில் பேரனைப் பார்க்கும்போது சம்மந்தியின் தலைக்குப் பின்னால் ஓர் அலுமாரித் தட்டில் அந்த மணிக்கூடு தெரியும். அங்கே ஜன்னல் எதிர்ப்பக்கமாம். நீலப் பொட்டுகள் காலையில் விழுகின்றனவாம். சம்மந்தி "சுகமோ?" என்பார். அதற்கு மேலும் இரண்டொரு சொல் சொல்லுவார். நான் அதை என் கைவேலையின் வெற்றியாகவே எடுத்துக்கொள்வேன். மனிதர்களுக்கு நடுவில் கலை செய்யும் வேலையைப் பற்றி மனைவிக்கு விளக்குவேன். மனைவி எழுந்து போய்விடுவார்.

உண்மையில் அந்த எண்ணம் எனக்கு ஞானஸ்நானத்துக்கு அடுத்த வாரத்திலேயே தலைக்கு ஏறியிருந்தது. மகளைத் தொலைபேசியில் எடுத்து, மாமா மணிக்கூட்டைப் பற்றி வேறு ஏதும் சொன்னாரா, என் பொறுமையைப் பற்றி, கைத்திறனைப் பற்றி, ஏதாவது, என்று விடாமல் கேட்டேன். மகள் சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, மாமாக்கு உங்களில கோவமே இருக்கேல்லையாம். நீங்கள் கண்ணாடி வெட்டப் போன அந்த மாதங்களிலதான் தான் சனிக்கிழமையளில ஆறுதலா நித்திரை கொண்டவராம். இப்ப வாசலுக்குக் கிட்ட, உங்கட கை எட்டுற இடத்தில, ஒரு பூச்சாடி வைச்சிருக்கிறார். அதுவும் ஜப்பான் சாமான்தான் எண்டு கொப்பரிட்டைச் சொல்லட்டாம்."